நாற்பத்து நான்கு வினாடி

அன்று காலை பத்து மணி பத்தொன்பது நிமிடத்துக்குக் கூடுமிடத்தில் இருந்தவர்கள்:

மேனேஜர் அம்மா
எலெக்ட்ரீஷியன்
ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடும் மூட்டைத் தொழிலாளி
துப்புரவு அக்கா
வாசல் காவலர்
நான்

ஆறு பேர். வருகைப் பதிவில் அன்றைக்கு ஏழு பேர். தலை எண்ணுவதில் நான் தவறியதே இல்லை. எட்டு ஆண்டுகளில் தொண்ணூற்றேழு பயிற்சி நடத்தியிருக்கிறேன், அன்றையதையும் சேர்த்தால் தொண்ணூற்றெட்டு. ஒருமுறைகூட ஓர் ஆளை விட்டோ இரண்டு தடவை எண்ணியோ எழுதியது கிடையாது. உங்கள் விசாரணை அறிக்கையில் ஐந்து பேர் என்று போட்டிருக்கிறீர்கள். காவலரை விட்டுவிட்டீர்கள். அவர் எப்போதும் சைக்கிள் நிறுத்துமிடத்துத் தூணுக்குப் பின்னால் நின்று புகைப்பார். தெரியாதவர்கள் விடத்தான் செய்வார்கள்.

அதற்காக நான் வரவில்லை. நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது. 'பணியாளர்களுக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படவில்லை.' அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் கூப்பிடவில்லை, நானாக வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் குளிர்பதனக் கிடங்கு பெரிய இடம் ஒன்றுமில்லை. நான்கு குளிர் அறைகள், ஓர் இயந்திர அறை, லாரி வந்து நிற்க ஒரு மேடை. அறைகளைக் குளிர வைப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சமர்த்து. வெளியே வந்தால் கண்ணைத் திறக்க விடாது, மூச்சை இழுக்க விடாது. அதனால் இயந்திர அறைக்கு வெளியே சுவரில் இரண்டு மூச்சுக் கருவிகள் மாட்டியிருக்கும். முதுகில் சுமக்கிற காற்று பாட்டில், தோள் பட்டை, முகத்தை மூடும் மாஸ்க், இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய். அந்த இரண்டு கருவிகளும், எட்டுத் தீயணைப்பான்களும், ஓர் அபாயச் சங்கும், நேரக் கடிகாரமும், விசிலும்தான் என் வேலை. என்னை எல்லோரும் விசில் என்றே கூப்பிட்டார்கள். என் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நான் படிப்பைப் பாதியில் விட்டவன். வேறு ஓரிடத்தில் பல வருடம் இரவுப் பணி பார்த்தேன். இரவுப் பணியில் சுவரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகளைப் படிப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. எனக்கு எல்லாம் மனப்பாடம். மற்றவர்கள் அதே சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். அப்போதே எனக்கு மனிதர்கள் மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இவர்களில் எவன் ஓடுவான், எவன் உறைந்து நிற்பான், எவன் செருப்பைத் தேடுவான் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பழக்கம் போகவில்லை.

பயிற்சி எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை. நான் சங்கை ஒலிப்பேன். கருவி அணிய வேண்டியவர் சுவரிலிருந்து எடுத்து, தோளில் மாட்டி, பட்டையை இறுக்கி, மாஸ்க்கைப் போட்டு, கட்டைவிரலைக் காட்ட வேண்டும். கட்டைவிரல் எழுந்ததும் கடிகாரத்தை நிறுத்துவேன். மற்றவர்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். நடுவில் நான் வாயைத் திறக்க மாட்டேன். சொல்லிக்கொடுத்துச் செய்தால் அது பயிற்சி இல்லை, பரிதாபம். நான் பேசிவிட்டால் அந்த நேரம் செல்லாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தேன். குழாயின் முனையை மாஸ்க்கின் முன்னால் உள்ள துளையில் செருகித் திருகினால்தான் பாட்டில் காற்று வரும். செருகாவிட்டால் அந்தத் துளை வழியாக வெளிக்காற்று வரும். மாதாமாதம் பாட்டில் காற்றை மூச்சு விட்டுத் தீர்த்தால், நிரப்புவதற்கு வண்டி வைத்து அனுப்ப வேண்டும். போய்வர ஒரு நாள். அந்த ஒரு நாள் சுவர் காலியாக இருக்கும். அந்த நாளில் ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் பயிற்சியில் குழாயைச் செருக வேண்டாம், இடுப்பில் இருக்கும் கொக்கியில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இரண்டு பாட்டில்களும் எட்டு வருடமும் நிறைந்தே இருந்தன. நீங்களே காற்றளவு முள்ளைப் பார்த்தீர்கள்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயந்திர அறை மெக்கானிக். துப்புரவு அக்காவின் மகளைக் கட்டியவர். அக்கா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அந்த இடத்தில் எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளை. மேனேஜர் அம்மாகூட ஒருநாள் ஒலிபெருக்கியில் "மாப்பிள்ளை, மேடைக்கு வரவும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் மட்டும்தான் பயிற்சியை மதித்தார். ஒட்டகம் மாஸ்க்கைப் போட்டால் சிரிப்பு அடங்காமல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். எலெக்ட்ரீஷியன் பட்டையைத் தொடவே மாட்டார்.

"விசில், எனக்கு வயசு அம்பத்தி ரெண்டு. ஏதாவது ஆச்சுன்னா நான் ஓடிடுவேன். அதுக்கு ப்ராக்டீஸ் வேண்டாம், பொறவியிலேயே வரும்" என்பார்.

மாப்பிள்ளை அப்படியில்லை. முதல் முறை ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டார். பிறகு சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து பழகினார். எழுபது வினாடி. அறுபது. ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து நிற்பார்.

"எவ்வளவுண்ணே?"

"நாற்பத்தொன்பது."

"பட்டை முறுக்கிக்கிச்சு. இல்லைன்னா இன்னும் கொறஞ்சிருக்கும். அடுத்த மாசம் பாருங்க."

அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். "அந்த முகமூடிய வீட்டுக்கும் குடுத்து அனுப்பு தம்பி. அதோட பாத்தாத்தான் என் மருமகன் லட்சணமா இருக்கான்."

"அத்தை, இத மாட்டிக்கிட்டா உங்க பொண்ணு பேசறது காதுல விழாது. அதுக்காகவாவது குடுங்கண்ணே."

எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். பிடிக்காதவர் யாரையாவது தேர்ந்தெடுத்திருந்தால் அதற்கு வேறு பெயர்.

மழைக்காலம் முடிந்த பிறகு மேனேஜர் அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். புதிதாக வந்தவர், என் மகள் வயது. உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வரும்.

"சார், எட்டு வருஷத்துல ஒரு தடவையாவது நிஜமா ஏதாவது நடந்திருக்கா?"

"இல்லைங்க."

"நல்ல விஷயம்தானே. அப்ப மாசாமாசம் எல்லாரையும் வேலைய விட்டுட்டு நிக்க வைக்கணுமா? வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு மேல சொல்லிட்டாங்க. மத்தபடி வீடியோ இருக்கு, அவங்கவங்க போன்ல பாத்துக்கட்டும். உங்கள வாசல் பதிவுக்கு மாத்திடலாம். வெயில்ல நிக்க வேண்டாம், நாற்காலி உண்டு."

நான் சரி என்றேன். கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் தோன்றியது. ஒரு தடவையாவது நடந்திருக்கிறதா. நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு எட்டு வருடம் நான் கடிகாரம் பிடித்திருக்கிறேன். என் பயிற்சி நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியாது. தெரியாமலே வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். கிடங்கின் பின்பக்கம் ஒரு தகர வாளியில் எண்ணெய்த் துணியைப் போட்டுக் கொளுத்திவிட்டு, மறைவில் நின்று பார்த்தேன். எலெக்ட்ரீஷியன் வந்தார், பார்த்தார், யாரையோ கூப்பிடப் போனார், திரும்பி வரவில்லை. அக்காதான் தரை துடைக்கும் தண்ணீரை ஊற்றி அணைத்தார். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நல்லவேளை, கொஞ்சம் எண்ணெய்தான். அக்காவின் புருவம் மட்டும் கருகியது.

அடுத்து, மூன்றாம் குளிர் அறைக்குள் ஒட்டகம் இருக்கும்போது வெளியே பாரந்தள்ளும் வண்டியைக் கதவில் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். உள்ளே ஓர் அபாயப் பொத்தான் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி எட்டு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஒட்டகம் அதைத் தொடவில்லை. கதவைக் குத்திக்கொண்டிருந்தார். இருபத்தாறு நிமிடம். நானே போய்த் திறந்தேன். கையெல்லாம் நீலம் பாரித்து, பல் அடித்துக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ மட்டும் வரலைன்னா விசில்" என்று அழுதார். அவரை அப்படி நெருக்கத்தில் பார்த்தது அதுதான் முதல்முறை.

வாளியைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் சாப்பாட்டு மேசையில் ஆளாளுக்குப் பேசினார்கள். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றார் காவலர். மேனேஜர் அம்மா ஒட்டகத்துக்கு ஆகாதவர் யார் என்று விசாரித்தார். ஒருவர் தட்டை மற்றவர் பார்க்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளைக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை, ஒரு ஸ்பானர் பெட்டி விஷயம். எலெக்ட்ரீஷியன் ஒருநாள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "அந்த மெஷின் ரூமையே கட்டிக்கிட்டு அழுவுறான். ஒருநாள் அதுக்குள்ளயேதான் கெடப்பான்." வாய்க்கு வந்ததைச் சொல்லும் ஆள், அவ்வளவுதான். ஆனால் நான் அதைத் தேதி போட்டு எழுதி வைத்தேன். எதையும் எழுதி வைப்பது என் வழக்கம்.

எனக்கு இரண்டு சோதனையிலும் கிடைத்தது ஒரே பதில். இவர்கள் யாரும் எதையும் கற்கவில்லை. கற்றவர் ஒருவர்தான். அவரையும் பார்த்துவிட்டால் கணக்கு தீரும். என் கடைசிப் பயிற்சி நாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

அந்தப் பயிற்சி நாளன்று பத்து மணி பதினொரு நிமிடத்துக்கு, மாப்பிள்ளை தேநீர் குடிக்க மேடைப் பக்கம் போயிருந்தபோது, இயந்திர அறைக்குள் போய் ஒரு வால்வைக் கால் சுற்றுத் திறந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். என் எண்ணம் இதுதான்: கருவி அணிந்த ஒருவர் உள்ளே போய் இருபது அடி நடந்து அதை மூடிவிட்டு வர ஒரு நிமிடம் போதும். எல்லோரும் கைதட்டுவார்கள். மேனேஜர் அம்மா மேலே ஒரு கடிதம் எழுதுவார். மாப்பிள்ளைக்கும் பெயர். நான் என்னைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பத்து பதினான்குக்கு நெடி மேடைவரை வந்தது. சங்கை ஒலித்தேன். எல்லோரும் கூடுமிடத்துக்குப் போனார்கள், எலெக்ட்ரீஷியன் முதலில், அவர் சொன்ன மாதிரியே. மாப்பிள்ளை எதிர்த்திசையில் என்னிடம் ஓடி வந்தார்.

"நெசமாவா அண்ணே?"

கடிகாரத்தை அழுத்தினேன்.

பிறகு நான் கூடுமிடத்துக்கு வந்து தலை எண்ணினேன். அக்கா என் சட்டையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை எங்க தம்பி?"

"உள்ள போயிருக்காரு. வால்வை மூடிட்டு வருவாரு."

"மாட்டிக்கிட்டுத்தான போனான்?"

"மாட்டிக்கிட்டுத்தான் போனாரு."

"அப்ப சரி" என்று என் சட்டையை விட்டுவிட்டு, கசங்கிய இடத்தைக் கையால் நீவிவிட்டார். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

தீயணைப்பு வண்டி வந்தது பத்து நாற்பத்து இரண்டுக்கு. அவர்கள்தான் வெளியே எடுத்தார்கள். கதவிலிருந்து இரண்டடியில் கிடந்தார். மாஸ்க் முகத்தில் இருந்தது, குழாய் இடுப்புக் கொக்கியில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் அந்த வரியை எழுதினீர்கள். பயிற்சி இல்லாதவன் குழாயைச் செருக மறந்தான் என்று. அவர் எதையும் மறக்கவில்லை ஐயா. நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் அதே வரிசையில் செய்தார். பதற்றத்தில் கை தானாகச் செய்ய வேண்டும் என்பதற்குத்தான் பயிற்சி. அவருடைய கை தானாகச் செய்தது. இதைவிட நல்ல மாணவர் எந்தப் பயிற்சியாளருக்கும் கிடைக்க மாட்டார். போதிய பயிற்சி இல்லை என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

எலெக்ட்ரீஷியன் விஷயத்துக்கு வருகிறேன். வால்வைத் திறந்தவர் என்று சந்தேகித்து அவரைப் பதின்மூன்று நாளாக வைத்து விசாரிக்கிறீர்கள். ஸ்பானர் பெட்டிச் சண்டையையும் அவர் சொன்ன வார்த்தையையும் உங்களிடம் முதலில் சொன்னது நான்தான். தேதியோடு. நீங்கள் யாருக்கு யாரோடு பகை என்று கேட்டீர்கள், கேட்டதற்குச் சொன்னேன். அவர் மனைவி தினமும் வாசலுக்கு வந்து காவலரோடு பேசிவிட்டுப் போகிறார். நான் இப்போது வாசல் பதிவில் இருப்பதால் அவருடைய பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்கிறேன். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "அவரு கொசுவைக்கூட ஊதித்தான் விடுவாரு. உங்களுக்குத் தெரியுமே, சொல்லக்கூடாதா?" சொல்கிறேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன். அவருக்காக வரவில்லை என்றாலும், அவருக்கும் இது பயன்படும்.

அக்கா மட்டும் என்னைச் சந்தேகப்படுகிறார். முன்பெல்லாம் நான் நடக்கும் வழியில் தரை ஈரமாக இருந்தால் "பாத்து தம்பி" என்பார். இப்போது சொல்வதில்லை. நான் வழுக்குகிறேனா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உங்களுக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருக்கிறது, கேட்கத் தெரியாமல் சுற்றி வளைக்கிறீர்கள். சங்கு ஒலித்தது பத்து பதினான்கு. நான் தலை எண்ணியது பத்து பத்தொன்பது. இயந்திர அறையிலிருந்து கூடுமிடத்துக்கு ஒரு நிமிட நடை. நடுவில் நான் எங்கே இருந்தேன்? இயந்திர அறைக் கதவின் பூட்டு தானாக இறுகிவிட்டது, அதோடு போராடினேன் என்று அன்றைக்குச் சொன்னேன். அது சரியில்லை. பின்னாலிருந்து முன்னாலாகச் சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் ஞாபகம் வருகிறது.

பத்து பதினெட்டுக்குக் கதவை விட்டு நகர்ந்தேன். உள்ளே சத்தம் நின்றுவிட்டதால் நகர்ந்தேன்.

அதற்கு முன்னால் ஒன்றரை நிமிடம் அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் உள்ளங்கையால், பிறகு முட்டியால். அண்ணே என்று இரண்டு முறை கூப்பிட்டார், மாஸ்க்குக்குள்ளிருந்து வந்ததால் தெளிவாக இல்லை. சாவி என் கையில் இருந்தது. இரண்டாவது கருவி சுவரில், என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்தேன். எந்தப் பட்டை எந்தத் தோளுக்கு என்று தெரியவில்லை. எட்டு வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட அணிந்ததில்லை. யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பிடிக்க வேண்டுமே. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். சுவரில் இருக்க வேண்டியது சுவரில் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் வாயு வெளியே வரும், வெளியே நான் இருந்தேன்.

அதற்கும் முன்னால், அவர் கட்டைவிரலைக் காட்டினார். கடிகாரத்தை நிறுத்தினேன். நாற்பத்து நான்கு வினாடி. இதுவரை யாரும் செய்யாத நேரம். அவர் என் கையைப் பார்த்தார், எவ்வளவு என்று கேட்பதுபோல. கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினேன். மாஸ்க்கின் கண்ணாடிக்குள் சிரித்தார் என்று நினைக்கிறேன். குழாய் அவருடைய இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள், நான் எதையும் பார்க்காமல் விடுபவன் இல்லை. ஒரு வார்த்தை போதும், "குழாய்" என்று. சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த நாற்பத்து நான்கு வினாடி செல்லாமல் போயிருக்கும்.

அவர் உள்ளே போனார். நான் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுத் திருப்பினேன்.